மிஞ்சிய புள்ளி

எங்கள் மொழியில் நிறம் கிடையாது. வாசனை கிடையாது, அழுகை கிடையாது, "ஐயோ" கிடையாது. நீளம், கோணம், நேரம் ஆகிய மூன்றும்தான் உண்டு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறேன் என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மொழியின் பெயர் 'வரை'. கணினியில் வரிகளாக எழுதினால் படமாக வரும். மவுஸைப் பிடித்து இழுத்து வரைகிற வேலை இல்லை. பாண்டிச்சேரியில் வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டித்தரும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். எங்கோ ஒரு பேராசிரியர் காபிக் கறையோடு முக்கோணம் ஒன்றைக் கிறுக்கி அனுப்புவார். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறடிக்காத கோடுகளாக அதை நான் மாற்றித் தருவேன். 'வரை'யின் அழகு என்னவென்றால், புள்ளி எங்கே இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். "இந்த மூன்று மூலைகளிலிருந்தும் ஒரே தூரத்தில் ஒரு புள்ளி" என்று எழுதினால், வட்டத்தின் மையத்தை அதுவே தேடிக் கண்டுபிடித்து வைத்துவிடும். நிபந்தனை நம்முடையது, இடம் அதனுடையது.

முக்கோணத்துக்குச் செய்வதை விபத்துக்கும் செய்தால் என்ன என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியது. சாட்சிகள் சொல்வதையெல்லாம் நிபந்தனைகளாக எழுதிவிட வேண்டும். எல்லாருடைய பேச்சும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக்கூடிய படம் எதுவோ, அது தானாக வந்து நிற்கும். தீர்வுப் படம் என்று அதற்குப் பெயர். நான்கு வருஷமாக கோர்ட் அந்தப் படத்தைத்தான் நம்புகிறது. எங்கள் கம்பெனியும் முக்கோணங்களைக் குறைத்துக்கொண்டு விபத்துகளுக்கு மாறிவிட்டது. நானும் மாறிவிட்டேன். இறந்தவர்களும் எனக்குப் புள்ளிகள்தான்.

கோர்ட்டிலிருந்து வரும்போதே ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் எடுக்கப்பட்டு எழுத்துகளாக மாறியிருக்கும். தேதியும் இருக்காது. விபத்து நடந்த நொடி சுழியம். அதன் பிறகும் வாக்குமூலத்தில் தேவையில்லாத சதை நிறைய இருக்கும். "என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன்" என்பார் ஒருவர். அதனால் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாக்குமூலத்தைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, நீளம் கோணம் நேரம் தவிர மற்ற எல்லாவற்றையும் கோடு போட்டு அடிப்போம். இன்னொரு விதியும் உண்டு. ஒரே ஒரு சாட்சி மட்டும் பார்த்ததாகச் சொல்கிற மூன்றாம் ஆளை, அந்த வாக்கியத்தோடு சேர்த்து அடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் அடிப்பேன். என் கோடுகள் நேராக இருக்கும் என்று ஆபீஸில் எனக்கு நல்ல பெயர்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண் ஃபைல் ஒரு புதன்கிழமை காலை வந்தது. ஒரு பஸ் இடப்பக்கம் ஒடித்து, சாலை ஓரமாகச் சைக்கிளில் போனவர்மேல் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு க, சைக்கிளுக்கு ச. எதிரே வந்த ஆட்டோ ட. பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் த. ச இறந்துவிட்டார். க-வை ஓட்டியவர் சிறையில் இருந்தார். ஐந்து பக்கத்தையும் அடித்து முடித்து, மிஞ்சியதை மொழியில் எழுதி, ஓட்டினேன்.

படத்தில் நான்குக்குப் பதில் ஐந்து இருந்தது. பஸ்ஸுக்கு முன்னால், சாலையின் குறுக்கே, ஒரு மீட்டர் எண்பது நீளத்தில் ஏதோ ஒன்று. நாம் பெயர் சொல்லாத எதையாவது கண்டுபிடித்தால், மொழி அதன் தலைமேல் தானாக ஓர் ஃ போட்டுவிடும். இதன்மேலும் போட்டிருந்தது.

"சார், கொஞ்சம் வாங்களேன். இதுல அஞ்சாவதா ஒண்ணு நிக்குது."

பெலிக்ஸ் சார் எங்கள் பிரிவுத் தலைவர். ஐம்பத்தாறு வயது. பென்சிலை பிளேடால் சீவுகிற கடைசி மனிதர் அவராகத்தான் இருக்கும். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"பழைய ஃபைல காப்பி பண்ணித்தான ஆரம்பிச்ச?"

"எல்லாரும் அப்டித்தான சார் ஆரம்பிக்கிறோம்?"

"அப்ப போன படத்தோட வரி எங்கியாவது ஒட்டிக்கினு இருக்கும் மதி. தேடி எடு."

எங்கள் தொழிலில் இது எல்லாரும் செய்கிற தப்பு. புதிய படத்தை யாரும் வெறுந்தாளில் ஆரம்பிப்பதில்லை. பழையதை நகலெடுத்து எண்களை மாற்றுவோம், ஒரு வரியை மாற்ற மறப்போம், போன வாரத்து லாரி இந்த வாரத்து விபத்தில் வந்து நிற்கும். நான் இருநூற்றுப் பன்னிரண்டு வரியையும் படித்தேன். எச்சம் எதுவும் இல்லை. வெறும் ஃபைலைத் திறந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கையால் டைப் செய்தேன். ஓட்டினேன். அதே இடத்தில் அதே ஃ வந்து நின்றது.

பெலிக்ஸ் சார் இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப இது எச்சம் இல்ல. போன மாசம் 'ஒரே உலகம்'னு ஒண்ணு போட்டாங்கல்ல, அதோட வேல இது."

"அது எல்லா ஃபைலையும் ஒண்ணா சேக்கறதுதான?"

"ஆமா. ரோடு ஒண்ணு, சிக்னல் ஒண்ணு, நேரம் ஒண்ணு. அப்புறம் படம் மட்டும் தனித்தனியா எதுக்கு? எல்லாத்தையும் ஒரே கணக்கா போடுது. இங்க பாரு, க பிரேக் அடிச்சது ஒரு நேரம். எதிர வந்த ட அதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறைச்சிருக்கான். த கத்தினது அதுக்கும் முன்னாடி. எதுக்குன்னு ரெண்டு பேரும் சொல்லல. மூணு பேரும் நெஜம் சொன்னா, நடுவுல ஏதோ ஒண்ணு இருந்தாகணும். நெப்டியூன் கிரகத்த எப்டிக் கண்டுபிடிச்சாங்க? பக்கத்துக் கிரகம் வழி தப்பிப் போச்சி. ஏதோ இழுக்குதுன்னு பேப்பர்ல கணக்குப் போட்டாங்க. அப்புறந்தான் டெலஸ்கோப்பத் திருப்பினாங்க."

"அப்ப இது யாரு சார்?"

"யாரா இருந்தா என்னா? பேர் இல்லாத புள்ளிய கோர்ட் ஏத்துக்காது. எந்தச் சாட்சி அத வரவைக்குதோ அந்தச் சாட்சியோட எடைய, அதான் நம்பற அளவ, கொறைக்கணும். இதுல டிரைவர். குத்தம் சாட்டப்பட்டவன் சொன்ன பிரேக் நேரம்தான? சுழியம் போட்டுடு, போயிடும்." எழுந்தவர் சற்று நின்றார். "வேணும்னா கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாரு. எங்க போவுதுன்னு தெரியும்."

வேடிக்கை பார்க்கிற ஆசையில்தான் ஓடவிட்டேன். சாலையில் அன்று போன மற்ற எல்லாவற்றின் கணக்கும் மொழியிடம் இருந்தது. எந்த இடம் எந்த நொடியில் காலியாக இருந்தால் மற்ற கணக்குகள் சரியாக வரும் என்று பார்த்துப் பார்த்து, அந்தக் காலி இடத்தை அது நகர்த்திக்கொண்டே போனது. ஃ வலப்பக்கச் சந்துக்குள் நுழைந்தது. எழுபது மீட்டர் போய், நான்கு நிமிஷம் நின்றது. மறுபடி கிளம்பி, இடது, இடது, ஒரு பாலம், ஒரு சிக்னலில் ஐம்பத்தொரு நொடி, பிறகு வலது. கடைசியில் மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு கொட்டகைக்குள் போய், இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் இருபது தள்ளி நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

பெயர் இல்லாத கோடுகள்தான். ஆனால் அந்தப் பாலத்தின் வளைவை நான் தினமும் கடக்கிறேன். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பகல் பதினொன்றரை மணி வெயில். எங்கள் ஆபீஸ் வண்டிக் கொட்டகையில், பாதாம் மர நிழல் விழுகிற இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் என் ஸ்கூட்டர் நின்றது. எட்டு வருஷமாக அதே இடத்தில்தான் விடுகிறேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாட்ச்மேன் "இன்னாம்மா, எதுனா தொலைஞ்சி போச்சா?" என்றார். இல்லை என்றேன். முன் சக்கரத்திலிருந்து சுவர்வரை அளந்தேன். ஒரு மீட்டர் இருபது. நம்பாமல் மறுபடி அளந்தேன். டேப் சுருண்டு உள்ளே போன சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள். அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, மகள் ஓவியாவுக்கு மாடல் எக்ஸாம், நான் லேட். வழக்கமாக கடலூர் ரோட்டில் நேராக வந்துவிடுவேன். அன்று மட்டும் நடுவில் மருந்துக்கடை ஞாபகம் வந்து சட்டென்று வலப்பக்கம் திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டேனா என்று தெரியவில்லை. பின்னால் பெரிய ஹாரன் கேட்டது. தினமும்தான் பின்னால் யாராவது ஹாரன் அடிக்கிறார்கள். மருந்துக்கடையில் நான்கு நிமிஷம் நின்றேன். ஆபீஸுக்கு வந்ததும், கடலூர் ரோட்டில் ஏதோ ஆக்ஸிடென்ட், டிராஃபிக் ஜாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். "நல்லவேளை, நான் முன்னாடியே வந்துட்டேன்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு டீ குடித்தேன்.

மேலே வந்து உட்கார்ந்தேன். பொண்ணுக்குப் பிளஸ் டூ, அம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று நியாயங்கள் வரிசையாக வந்தன. அவை எல்லாமே உண்மைதான், அதனால்தான் சுலபமாக இருந்தது. டிரைவர் சொன்ன பிரேக் நேரத்துக்கு எடை சுழியம் என்று எழுதினேன். ஓட்டினேன். ஃ போய்விட்டது. பஸ் இப்போது எந்தக் காரணமும் இல்லாமல், தூங்கி விழுகிறவர் ஓட்டியதுபோல, தானாக இடப்பக்கம் சாய்ந்து ச-வின்மேல் ஏறியது. சுத்தமான படம். பெலிக்ஸ் சார் என்னை ஒரு தரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தீர்ப்பு பதினேழாம் தேதி. அதுவரை படத்தைத் திருத்தலாம், அதன் பிறகு யாராலும் முடியாது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, அன்று இல்லை.

வெள்ளிக்கிழமை நான்கு ஃபைல் பார்த்தேன். நான்கிலும் ஃ இருந்தது. ஒன்றில் சாலை நடுவே, ஒன்றில் ஓரமாக, எல்லாவற்றிலும் ஒரு மீட்டர் எண்பது நீளம். ஒரு விபத்து நடந்தது திருவண்ணாமலையில் என்று, பாதை மலையைச் சுற்றிய வளைவிலேயே தெரிந்தது. நான் அந்த ஊருக்கு ஸ்கூட்டரில் போனதே இல்லை. அதிலும் கிரிவலப் பாதையில் நடந்து போகிறவர்கள் நடுவே அந்தச் சின்னச் செவ்வகம், முன் சக்கரத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவைத்தபடி நின்றது. எங்கள் பிரிவில் மற்றவர்கள் திரையிலும் அது வந்தது. காப்பி எச்சம் என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஃ வந்ததைவிட மோசமான ஒன்று இருந்தது. ஏற்கெனவே முடிந்துபோன ஃபைல்களும் மாறத் தொடங்கின. பெரியவர் ஒருவர் சாலையைக் கடக்கையில் லாரியில் அடிபட்ட ஃபைல் அது. லாரிதான் சிவப்பு விளக்கில் வந்தது என்று மாசக்கணக்கில் நிற்கிற படம். திங்கட்கிழமை அதைத் திறந்தால் சிக்னல் ஒன்பது நொடி தள்ளிப்போயிருந்தது. லாரிமேல் இருந்த தப்பு பெரியவர்மேல் வந்து விழுந்திருந்தது.

பெலிக்ஸ் சார் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு விளக்கினார். "சட்டை போடறப்ப மேல ஒரு பட்டன மாத்திப் போட்டா என்னா ஆவும்? அடுத்தடுத்து எல்லாம் மாறிக்கினே வரும். ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு ஓட்டையில சரியாத்தான் மாட்டும். கடைசியில ஒரு பட்டன் மிஞ்சும். இந்த ஃ அதான். எங்கியோ ஒரு ஃபைல்ல யாரோ ஒரு நெஜத்த எடுத்திருக்காங்க. அந்த எடத்த ரொப்பறதுக்கு உலகம் மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமா நகருது."

"எந்த ஃபைல்னு கண்டுபிடிக்க முடியாதா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லா ஆபீஸும் சேத்து பத்தாயிரம் ஃபைல்மா. எடுத்தவங்க சொன்னாத்தான் உண்டு." தட்டில் இருந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அன்று மதியம் விபத்தே வேண்டாம் என்று ஒரு கணிதப் புத்தகப் படத்தை எடுத்துக்கொண்டேன். இன்னமும் வருஷத்துக்கு இரண்டு மூன்று வரும். ஒன்பது புள்ளி வட்டம். எந்த முக்கோணத்தை எடுத்தாலும், பக்கங்களின் நடுப்புள்ளிகள் மூன்று, குத்துக்கோட்டின் அடிகள் மூன்று, இன்னும் மூன்று, எல்லாம் ஒரே வட்டத்தின்மேல் உட்காரும். நூறு தடவை வரைந்த படம். இதில் சாலை இல்லை, சாட்சி இல்லை, செத்தவர் இல்லை. பன்னிரண்டு வரி எழுதி ஓட்டினேன்.

பத்துப் புள்ளி வந்தது. ஒன்பது வட்டத்தின்மேல். பத்தாவது வெளியே, கீழே இடப்பக்கம், தலையில் ஃ. இந்த முறை அது ஸ்கூட்டர் அளவுகூட இல்லை, வெறும் புள்ளி. முக்கோணத்தின் அடிக்கோடு என் மேசையின் முன்விளிம்பு, வலது மூலை என் தண்ணீர் பாட்டில் என்று வைத்துப் பார்த்தால், அந்தப் புள்ளி நான் உட்கார்ந்திருக்கிற இடம். இப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நாற்காலியை அரை அடி வலப்பக்கம் தள்ளிப்போட்டு, ஒரு வரியையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினேன். புள்ளியும் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, பக்கத்து சீட்டுப் பெண்ணை ஓட்டச் சொன்னேன்.

"இன்னாக்கா இது, மேல ஓரத்துக்குப் போயிடிச்சி?" என்றாள்.

ஃபைலை மூடிவிட்டு அரை நாள் லீவு சொன்னேன். தலைவலி என்றேன். பயம் என்று ஒரு காரணம் லீவுப் பாரத்தில் இல்லை.

ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது வாட்ச்மேனோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெளிறிய நீலப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள். என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன், "தோ, மேடம் மேலதான் வேல செய்றாங்க, கேளு" என்று தன் தலையிலிருந்து இறக்கிவிட்டார்.

"மேடம், ஆக்ஸிடென்ட்டுக்குப் படம் போடறது இங்கதானங்களா? எம்பேரு செல்வராணி. எங்க வூட்டுக்காரு பஸ் டிரைவருங்க, தாண்டவராயன். உள்ள இருக்காரு. நாலாயிரத்து நானூத்திப் பதினேழுன்னு வக்கீல் நம்பரு குடுத்தாரு."

ச, க, ட, த என்று மனசுக்குள் ஓடியது. க-வுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வழக்குக்காரங்க இங்க வரக் கூடாதும்மா" என்றேன்.

"தெரியுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். படத்துல அவரு தூங்கிட்டாருன்னு வந்திருக்காம். இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்றாருங்க. வண்டியில ஏறுனா தண்ணிகூட குடிக்க மாட்டாரு. மொதநாளே போலீஸ்ல சொன்னாரு, மஞ்ச ஹெல்மெட்டு போட்ட அம்மா ஒருத்தங்க ஸ்கூட்டர்ல குறுக்க திரும்புனாங்க, அவங்கள காப்பாத்தத்தான் ஒடிச்சேன்னு. எழுதியும் வாங்கிக்கினாங்க. படத்துல அந்த அம்மா வரவேயில்லியாமே? அது எப்டிங்க விட்டுப் போவும்?"

என் இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்த ஹெல்மெட்டின் நிறம் மஞ்சள். மாம்பழ மஞ்சள். ஓவியா தேர்ந்தெடுத்தது, தூரத்திலிருந்தே தெரியும் என்று.

செல்வராணியின் கண் ஹெல்மெட்டில் விழுந்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "ஊர்ல எத்தினியோ பேரு மஞ்ச ஹெல்மெட்டு போடறாங்க. ரோட்டுல பாக்கறப்பல்லாம் நானும் நின்னு நின்னு பாக்கறேன். யாரப் போய்க் கேக்கறது?" காகிதங்களை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு அபர்ணா, சைக்கிள்ல போன பொண்ணு, நர்ஸுக்குப் படிச்சிக்கினு இருந்திச்சாம். அவரு அதையே சொல்லிச் சொல்லி அழுவறாரு. அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலியே, அதுவாவது பொழச்சிதேன்னு சொல்றாருங்க."

வெயிலில் நடந்து அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். நான் வண்டியை எடுக்கவில்லை. மாடிக்குத் திரும்பினேன்.

ஃபைல் அலமாரியில் அந்த ஐந்து பக்கமும் இருந்தன. இரண்டாம் பக்கம், டிரைவரின் வாக்குமூலம், ஏழாவது வரி. "மஞ்சள் நிறத் தலைக்கவசம் அணிந்த பெண் ஒருவர் சுமார் பதினான்கு மீட்டர் முன்னால் திடீரென்று வலப்புறம் திரும்பினார்." அதன்மேல் என் பென்சில் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை துளி பிசகில்லை. படித்துவிட்டுத்தான் அடித்திருக்கிறேன். அப்போது என் ஹெல்மெட் மேசைக்கடியில் காலருகே இருந்திருக்கும்.

அழுதேன். யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் ஃ தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்து என் வாக்குமூலத்தை எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் நிற்கவில்லை. இரண்டு பக்கம் வந்தது. பெலிக்ஸ் சார் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் கண்ணாடியை இறக்கிப் படித்தார். படித்துக்கொண்டே, நான்கு வருஷப் பழக்கம், கை தானாகப் பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்தது. 'அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டிருந்தது' அடிபட்டது. 'ஹாரன் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, சோம்பல்' அடிபட்டது. 'அபர்ணா என்ற பெயரை இன்றுதான் கேட்டேன்' அடிபட்டது. 'தெரிந்தே அழித்தேன், பயத்தில்' அடிபட்டது. பதினான்கு மீட்டர், அறுபத்திரண்டு டிகிரி, நான்கு நிமிஷம் ஆகியவை மட்டும் மிஞ்சின. ஸ்கேல் கீழே இறங்கி 'என் தலைக்கவசம் மஞ்சள் நிறம்' என்ற வரிக்கு வந்தது.

"அத அடிக்காதீங்க சார்."

நிமிர்ந்தார். "நம்ம மொழில அதுக்கு எடமில்லியேம்மா."

"தெரியும் சார். அவரு மொதநாளே சொன்னாரு. அடிக்காதீங்க."

பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

என் இடத்துக்கு வந்து நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண் ஃபைலைத் திறந்தேன். டிரைவரின் எடையைப் பழையபடி ஆக்கினேன். ஓட்டினேன். ஃ உடனே தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. படத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. ஃ-வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மதியழகி என்று முழுப் பெயரையும் எழுதினேன். மற்ற ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். திருவண்ணாமலைப் பாதையில் ஸ்கூட்டர் இல்லை. லாரி மறுபடி சிவப்பு விளக்கில் வந்தது, பெரியவர் சரியாகக் கடந்துகொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்பது புள்ளி வட்டம். ஓட்டினேன்.

பத்து.

நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எதுவும் இல்லை. ஃ அதற்குப் பின்னால் தள்ளி இருந்தது. அளந்தேன். மேசைக் கணக்கில் ஒன்றரை மீட்டர்.

திரும்பிப் பார்த்தேன். பெலிக்ஸ் சார் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணும் திரையில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும் மதி" என்றார். "அன்னிக்கு நீ டேப்ப எடுத்துக்கினு வண்டிய அளந்தப்ப மாடியிலேந்து பாத்தேன். ஒன் மெஷின்ல வந்து பாலம் வரைக்கும் ஓட்டியும் பாத்தேன். தெரிஞ்சிதான் கையெழுத்துப் போட்டேன். பிரிவு பேர் கெட்டுடும்னு நெனைச்சேன். நீயா சொல்லிடுவேன்னும் நெனைச்சேன்."

நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். திரையில் புள்ளியும் கிட்டே வந்திருக்கும், ஆனால் நாங்கள் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். எழுத எதையாவது தேடி மேசைமேல் கையால் துழாவினார். பென்சில் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

நான் அதை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன்.